வரி முடியும் இடம்

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் வீரன்மேல்தான் விழும். வில்லோடும் வாளோடும் பாய்கிற உடல், அதில் தைத்த அம்பு, சில கற்களில் காலருகே மாடு. என் கண் அவன் தலைக்கு மேலே உள்ள எழுத்துக்குப் போகும், அதிலும் வரிகளின் வலது ஓரத்துக்கு. இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு, இன்னார் தொறு (மாட்டு மந்தை) கொண்டபோது இன்னாருடைய சேவகன் மீட்டுப் பட்டான் (இறந்தான்) என்று வட்டெழுத்தில் செதுக்கிக்கொண்டே போகிறார் கல்தச்சர். கல் முடிந்துவிடுகிறது, சொல் முடிவதில்லை. ‘பட்’ என்ற பாதி மேல்வரியின் கடைசியில் நிற்கும், ‘டான்’ என்ற பாதி கீழ்வரியின் தலையில் வரும். இடையில் கோடு கிடையாது, இடைவெளி கிடையாது. படிக்கிறவருக்குக் கல்லின் விளிம்பே போதும், வரி முடிந்தது என்று அறிய.

அந்த விளிம்புதான் இன்று நாம் ‘என்டர்’ தட்டும்போது கோப்புக்குள் விழுகிற, கண்ணுக்குத் தெரியாத எண்ணாகியிருக்கிறது. வந்து சேர்ந்த வழி நீளமானது. வழியில் அது இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்தது. பிரிந்ததன் விளைவை நம் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூட அனுபவித்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. பாட்டில் இருப்பது அடி, எழுதிய பரப்பில் இருப்பது வரி. அடி புலவர் வைத்தது. வரி கல்லும் ஓலையும் தாளும் வைத்தவை. நாற்சீர் கொண்ட ஓர் அடி ஓலையில் எங்கே வேண்டுமானாலும் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் முடியும். ஓலை அகலமானது, உயரம் குறைந்தது. எழுத்தாணி பிடித்தவர் இடக்கோடியில் தொடங்கினால், கயிறு கோக்கும் துளையை மட்டும் விட்டுவிட்டு, வலக்கோடிவரை நிற்காமல் எழுதிக்கொண்டு போவார். அடிக்கு ஒரு வரி என்று ஓலையை வீணாக்க அவருக்கு மனம் வராது. பெரும்பாலும் புள்ளியும் வைக்கமாட்டார்.

அப்படியானால் அடி எங்கே முடிகிறது என்று பின்னால் வந்தவர்கள் எப்படிக் கண்டார்கள்? பாட்டே சொல்லிற்று. ஆசிரியப்பா என்றால் சீரை எண்ணலாம், வெண்பா என்றால் எதுகையைப் பிடிக்கலாம். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தாக வந்து, ‘இங்கே புது அடி’ என்று காதுக்குச் சொல்லிவிடும். உலகத்தில் பல மொழிகளின் பாட்டுக்கு இயைபு கடைசியில் இருக்கிறது. நம்முடையதில் அடையாளம் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, வரி வரியாக ஓடிய ஓலையிலிருந்து அடி அடியாக நிற்கும் பாட்டை எடுத்துக் கொடுத்தார். அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டியதை ஔவையார் பாடிய பாட்டு அந்த நூலில்தான் இருக்கிறது. அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. கல்லில் வரியாகவும் பாட்டில் அடியாகவும் ஒரே வழக்கம் ஒரே மண்ணில் பதிவானது என்பதை நினைக்கும்போது, இந்த இரண்டு சொற்களையும் கலக்காமல் வைத்திருந்த மொழிக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். பின்னால் வந்த இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அச்சகத்தில் வரியின் முடிவு கோப்பவரின் கையில் இருந்தது. குச்சியில் ஈய எழுத்துகளை அடுக்குவார், அகலம் நிரம்பியதும் அடுத்த வரி. அங்கே வரிமுடிவு என்று தனியாக ஒரு பொருள் தேவைப்படவில்லை. அது தனிப் பொருளாகத் தொடங்கியது தட்டச்சுப் பொறியில்.

தருமபுரி, அரூர், பாலக்கோடு என்று எந்த ஊரிலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலம் ஒன்று உண்டு. லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களுக்கு அந்த ஓசை மறக்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவின் உழைப்பால் தமிழுக்கும் அந்தப் பொறி வாய்த்தது. வலது ஓரம் நெருங்கும்போது மணி அடிக்கும். இடக்கை போய் நெம்புகோலைத் தள்ளும். ஒரே தள்ளலில் இரண்டு காரியம் நடக்கும்: உருளை ஒரு வரி மேலே சுழலும், தாளைச் சுமந்த வண்டி வலக்கோடிக்கு ஓடி, அடுத்த எழுத்து தாளின் இடது ஓரத்தில் விழும்படி நிற்கும். முதல் காரியத்தை ஆங்கிலத்தில் லைன் ஃபீட் என்றார்கள், இரண்டாவதைக் கேரேஜ் ரிட்டர்ன் என்றார்கள். தேவைப்பட்டால் பிரித்தும் செய்யலாம். தலைப்புக்கு அடிக்கோடு போட வேண்டுமா? வரியை நகர்த்தாமல் வண்டியை மட்டும் திருப்பி, அதே வரியின் மேல் கோடு தட்டலாம். இரண்டும் வேறு வேறு அசைவுகள் என்பதை விரலே கற்றுக்கொண்டது.

இந்த அசைவுகளைக் கம்பி வழியாக அனுப்ப வேண்டிய நாள் வந்தது. பிரான்சின் எமில் போதோ 1870களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள் கொண்ட தந்திக் குறியீட்டை உருவாக்கினார். நியூசிலாந்தில் பிறந்து செய்தித்தாள் பணியில் இருந்த டொனால்டு மரே 1901இல் அதை மாற்றியமைத்தார். தட்டச்சு விசைப்பலகையில் அடித்தால் மறுமுனையில் தாளில் தானே அச்சாக வேண்டும் என்பது அவர் நோக்கம். மறுமுனையில் நெம்புகோலைத் தள்ள ஆள் இல்லை. ஆகவே எழுத்துகளோடு சேர்த்து ‘வண்டியைத் திருப்பு’, ‘வரியை ஏற்று’ என்ற இரண்டு கட்டளைகளுக்கும் குறியீடு கொடுத்தார். பொறிக்கு இடும் கட்டளையாக வரிமுடிவு பயணம் செய்தது அப்போதுதான். அதுவரை ஒரு விளிம்பாகவும் கையின் அசைவாகவும் இருந்தது, செய்தியின் உள்ளேயே ஒரு பகுதியானது.

இப்படித் தானே அச்சிடும் தந்திப் பொறிதான் டெலிபிரிண்டர். இந்தியாவில் அதன் பிறப்பிடம் நமக்கு அருகிலேயே உண்டு. 1960இல் சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனம், இத்தாலியின் ஒலிவெட்டி தந்த தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. செய்தித்தாள் அலுவலகங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் இரவெல்லாம் தாளை உமிழ்ந்துகொண்டிருந்த டெலிபிரிண்டர்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்த இரண்டு கட்டளைகள் போய்க்கொண்டிருந்தன. நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. கட்டளைகள் நிற்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் அவை கணினிக்குள் குடியேறியிருந்தன. 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீடு வந்தபோது லைன் ஃபீடுக்கு 10 என்றும், கேரேஜ் ரிட்டர்னுக்கு 13 என்றும் எண் கொடுத்தார்கள். அதே ஆண்டில் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற பொறி கணினிகளோடு பேசும் வாயானது. அதன் வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. வலது கோடியில் நிற்கும் அச்சுத் தலை இடது கோடிக்குத் திரும்ப ஓர் எழுத்தின் நேரமான நொடியில் பத்தில் ஒரு பங்கு போதாது. முதலில் திருப்பச் சொல்லிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளை ஏற்றச் சொன்னால் நேரம் சரியாகிவிடும். அதனால்தான் 13 முன்னும் 10 பின்னுமாக வந்தன. வரிசையை மாற்றினால் அடுத்த எழுத்து தாளின் நடுவிலே எங்கோ விழும். ஓர் இரும்புத் தலை பயணம் செய்ய எடுத்த நேரம், அந்தத் தலை காட்சிக்கூடத்துக்குப் போன பின்னும் நம் கோப்புகளில் இரண்டு பைட்டுகளாகத் தங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நடுகல்லின் விளிம்புதான் நினைவுக்கு வந்தது. செதுக்கியவரின் விருப்பம் அல்ல, கல்லின் அகலம் வரியை முடித்தது. இங்கே பொறியின் வேகம்.

பிரிவினை அடுத்து நடந்தது. 1960களின் நடுவில் மல்டிக்ஸ் என்ற இயக்கமுறையைக் கட்டியவர்கள், பொறியின் அசைவுகளைக் கோப்பில் எழுதி வைப்பது தவறு என்று கருதினார்கள். கோப்பில் வரி முடிந்ததற்கு ஒரே அடையாளம் போதும், 10. அதை எந்தப் பொறிக்கு எப்படிச் சொல்வது என்பதை அந்தப் பொறியை ஓட்டும் நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுப்பிய யுனிக்ஸ் அதையே எடுத்துக்கொண்டது. யுனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸுக்கும் அதுவே. கேரி கில்டாலின் சி.பி.எம். சிறு கணினிகளுக்காக எழுந்தது. அது பழைய வழக்கப்படி 13, 10 இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் அதைப் பின்பற்றிற்று, விண்டோஸ் அதிலிருந்து வந்தது. ஆப்பிள் மெக்கின்டாஷ் 13ஐ மட்டும் வைத்துக்கொண்டது, 2001இல் யுனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறி 10க்கு வந்து சேரும்வரை. ஐபிஎம் பெருங்கணினிகளுக்கு இவை எதுவும் இல்லாமல் ‘அடுத்த வரி’ என்று தனியாக ஒரு குறி. பின்னாளில் அதற்கு 133 என்ற எண் அமைந்தது. இந்த 133ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் தமிழுக்கும் ஒரு கணக்கு உண்டு.

யார் செய்தது சரி? என் முடிவு மல்டிக்ஸ் பக்கம். கோப்பில் இருக்க வேண்டியது செய்தி, பொறியின் கைகால் அசைவு அல்ல.

பிரிந்துபோன இந்தக் கிளைகள் தருமபுரி மாவட்டத்தில் ஒரே பெட்டிக்குள் சந்தித்தன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பென்னாகரம் மலைக்கிராமத்துப் பிள்ளை வீட்டிலும், காரிமங்கலத்துப் பிள்ளை வீட்டிலும் முதல் கணினி அதுதான். எல்காட் நிறுவனத்தின் வழியாக வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் எதில் நுழைவது என்று கேட்கும். அதாவது ஒரே வட்டில் இரண்டு வரிமுடிவுகள்.

லினக்ஸில் எழுதிய ஒரு பாடக்குறிப்பை விண்டோஸில் நோட்பேடில் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வரி வரியாக எழுதியது முழுவதும் ஒரே நீளக் கயிறாகக் கிடக்கும். அன்றைய நோட்பேட் 13, 10 இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வரி என்று ஏற்றுக்கொண்டது, 10 தனியாக வந்தால் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸில் எழுதியதை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் வேறு தொல்லை. சில எழுதிகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூரையும் ‘எம்’ எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிரலாக இருந்தால் ஓடவே ஓடாது. முதல் வரியில் எந்த மொழிபெயர்ப்பியைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும் பெயரின் வாலில் ஒரு 13 ஒட்டியிருப்பதால், அப்படி ஒரு நிரலே இல்லை என்று கணினி சொல்லும். திரையில் பார்த்தால் பெயர் சரியாகவே இருக்கும். நாலு தடவை எழுத்தைச் சரிபார்த்து, குற்றம் தன்னுடையது என்று நம்பி, ‘எனக்குக் கணினி வராது’ என்று முடிவுகட்டிய பிள்ளைகள் எத்தனை பேரோ. அவர்களுக்கு இந்தக் கதையை அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். குற்றம் அவர்களுடையது அல்ல, பழைய ஓர் இரும்புத் தலையின் ஓட்ட நேரம் அது.

அலுவலகங்களில் இதே கதை தாளில் தெரிந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு 10 மட்டும் வந்தால் தாள் ஏறும், தலை திரும்பாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி நின்ற இடத்துக்குக் கீழே தொடங்கிப் படிக்கட்டாக இறங்கி, தாளின் வலது ஓரத்தில் காணாமல் போகும். 13 மட்டும் வந்தால் தலை திரும்பும், தாள் ஏறாது, எல்லா வரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கறுப்புப் பட்டையாகும். அதற்காகவே பிரிண்டரில் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதைத் தேவையில்லாத இடத்தில் போட்டுவிட்டால் வரிக்கு வரி ஒரு வெற்றிடம் விழும், ஒரு பக்கச் சான்று இரண்டு பக்கமாகும்.

எனக்கு நேர்ந்தது வேறு வகை. இந்த மாவட்டத்து நடுகற்களின் வாசகங்களைப் பல ஆண்டுகளாகக் கணினியில் தட்டச்சு செய்து சேர்த்து வந்தேன். கல்லில் ஒரு வரி என்றால் கோப்பிலும் ஒரு வரி. கல்லில் சொல் உடைந்த இடத்தில் கோப்பிலும் உடைத்தேன். வரி எண் போடவில்லை, அதுதான் வரியாகவே இருக்கிறதே என்று நினைத்தேன். கோப்பு லினக்ஸில் எழுதியது. அச்சுக்குப் போன இடத்தில் விண்டோஸில் திறந்தார்கள், ஒரே கயிறாகக் கிடந்தது. வடிவமைத்தவர் நல்ல மனத்தோடு அதைப் பத்தி பத்தியாகப் பிரித்தார், ஒட்டிக் கிடந்ததாகத் தெரிந்த இடங்களில் இடைவெளி விட்டார். மெய்ப்பு பார்க்க எனக்கு வந்தபோது கல்லின் வரிகள் ஒன்றுகூட இல்லை. ஓர் ஊர்ப்பெயர் இரண்டு சொல்லாகியிருந்தது. இரண்டு ஆட்களின் பெயர்கள் ஒன்றாகியிருந்தன. மைப்படிகளை மறுபடி விரித்து, வரிவரியாக ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு கோடை முழுவதும் ஆனது.

வரி போனால் என்ன, வாசகம் இருக்கிறதே என்று கேட்கலாம். கல்வெட்டில் வரிமுடிவு ஒரு சான்று. கல் உடைந்து வலது ஓரம் போயிருந்தால், மிச்சமுள்ள வரிகளின் நீளத்தை வைத்துத்தான் எத்தனை எழுத்து இழந்தோம் என்று கணக்கிட முடியும். இன்னொருவர் கல்லுக்கு எதிரே நின்று நம் வாசிப்பைச் சோதிக்க வேண்டுமானால் மூன்றாம் வரி எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஊரில் வேடியப்பன் என்று கும்பிட்டு எண்ணெயும் மஞ்சளும் சாத்துகிற கற்கள் பல. எழுத்து தேய்ந்துகொண்டே போகிறது. கல்லில் வரி அழிந்த பிறகு அதன் வரியமைப்பு நம் கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

இனி அந்த 133. தமிழ் எழுத்துகள் கணினியில் நுழைந்த தொடக்கக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. நம் அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் ஓடியது வானவில் ஔவையார் என்ற எழுத்துரு. தகடூரின் புலவர் பெயரில் தகடூரின் கோப்புகள் தட்டச்சாயின. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் பொருளற்ற ஐரோப்பியக் குறிகளாக மாறும். ஆனால் வரிகள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும், ஏனென்றால் 10ஐயும் 13ஐயும் எந்த எழுத்துருவும் தொடவில்லை. யூனிகோடு வந்து அந்தக் குழப்பத்தை முடித்தது. அதை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8ஐ 1992இல் வகுத்தவர்கள் ராப் பைக்கும், யுனிக்ஸை எழுதிய அதே கென் தாம்சனும். அந்த முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு. ‘தருமபுரி’ என்பதில் மெய்யும் உயிர்க்குறியுமாக எட்டுக் குறிகள், ஆகவே 24 பைட்டு. எல்லாமே 127க்கு மேற்பட்ட எண்கள். எந்தத் தமிழ் எழுத்தின் வயிற்றிலும் 10ஓ 13ஓ தவறிக்கூட வராதபடி அமைத்திருக்கிறார்கள்.

133 வரும். ஒரே ஓர் எழுத்தில் வரும். அது அகரம். ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். கோப்பு யூடிஎஃப்-8 என்று அறியாமல், பழைய ஐரோப்பியக் குறியீடு என்று எண்ணி பைட் பைட்டாகப் படிக்கும் நிரல், ஐபிஎம்மின் 133ஐயும் வரிமுடிவாகக் கொள்ளுமானால், ஒவ்வொரு அகரத்தின் பின்னும் வரியை வெட்டும். அரூர் உடையும், அதியமான் உடைவான், ஆநிரை தப்பிக்கும். மற்ற எழுத்து ஒன்றுக்கும் காயம் இருக்காது. ‘அ’ மட்டும் ஏன் சிதைகிறது என்று குழம்பும் நிரலாளர் இருந்தால் அவருக்கு இந்தப் பத்தி உதவட்டும்.

யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் நம் மொழிகளின் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டு, அவற்றில் ஒன்று எழுத்துத் தொகுதியைக் காட்டும் எண். குஜராத்திக்கு அது 10. தமிழுக்கு 11. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12. மலையாளத்துக்கு 13. கோப்பைக் கைமாற்றும்போது ஒவ்வொரு 10க்கும் முன்னால் 13ஐச் செருகும் பழைய நிரலின் கையில் குஜராத்திக் கோப்பு அகப்பட்டால் எழுத்துக்கு எழுத்து சிதையும். தமிழ் எழுத்துகளுக்குள் அந்த 10 வராதது திட்டமிட்டு அல்ல, அகரவரிசைகளை அடுக்கிய ஒழுங்கில் நம் இடம் 11ஆக விழுந்தது.

தீர்வுகள் வந்திருக்கின்றன. 2018இல் நோட்பேட் ஒருவழியாக மூன்று வகை வரிமுடிவுகளையும் படிக்கக் கற்றுக்கொண்டது. லினக்ஸில் ஒரே கட்டளையில் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் டாஸ்2யுனிக்ஸ் நெடுங்காலமாக இருக்கிறது. பலர் சேர்ந்து ஒரு கோப்பில் வேலை செய்யும்போது நிலைமை நுட்பமானது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று நினைவில் வைத்திருக்கும். திருக்குறளை அதில் வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். 1330 குறள், 2660 அடி. ஒருவர் விண்டோஸில் திறந்து, ஒரு குறளில் விடுபட்ட புள்ளியைத் திருத்திச் சேமிக்கிறார். அவருடைய எழுதி 2660 வரிகளின் முடிவிலும் ஒரு 13ஐச் சேர்த்துவிடுகிறது. கிட் பார்த்தால் 2660 வரியும் மாறியிருக்கிறது. அந்த ஒரு புள்ளி எங்கே? எளிதில் தேட முடியாது. முன்பு எந்தத் திருத்தத்தை யார் செய்தார் என்ற வரலாறும் இவர் பெயருக்குக் கீழே மறைந்துவிடும். இதைத் தடுக்க ஒவ்வொருவர் கணினியிலும் அமைப்பை மாற்றச் சொல்வது பலன் தராது, ஒருவராவது மறப்பார். கோப்புத் தொகுதியின் மேல்மட்டத்திலேயே ‘கிட் ஆட்ரிபியூட்ஸ்’ என்ற சிறு கோப்பை வைத்து, உரைக் கோப்புகளுக்கு வரிமுடிவு 10 என்று ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். வேலைக்கு வருகிற யாருக்கும் அது தானே பொருந்தும்.

இது கோப்பின் வரிக்கு. கல்லின் வரிக்கும் பாட்டின் அடிக்கும் இது போதாது. 1998 பொங்கலன்று லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோதே இந்தச் சிக்கலைச் சந்தித்தாக வேண்டியிருந்தது. இணையப் பக்கம் 10ஐயும் மதிக்காது, 13ஐயும் மதிக்காது. இரண்டையும் வெறும் இடைவெளியாகவே காட்டும். அடியை அடியாக நிறுத்த வேண்டுமானால் ‘இங்கே உடை’ என்று வெளிப்படையாக ஒரு குறி எழுத வேண்டும்.

கல்வெட்டு அறிஞர்கள் இதை இன்னும் தெளிவாகச் செய்திருக்கிறார்கள். எபிடாக் என்ற முறையில் கல்லின் வரி தொடங்கும் இடத்தில் ‘எல்பி’ என்ற குறியை வரி எண்ணோடு எழுதுகிறார்கள். சொல் உடைந்து தொடர்கிறது என்றால் அதே குறிக்குள் ‘உடைவு இல்லை’ என்று சேர்க்கிறார்கள். செய்யுளின் அடிக்கு ‘எல்’ என்று வேறு குறி. வரிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. தமிழ் தொடக்கத்திலிருந்தே பிரித்து வைத்திருந்த இரண்டு சொற்களுக்கும் கணினியில் இடம் கிடைத்துவிட்டது. அதிலும் ‘எல்பி’ குறிப்பது வரியின் முடிவை அல்ல, தொடக்கத்தை, எதுகையைப் போல. 2019இல் தொடங்கிய தர்மா ஆய்வுத்திட்டத்தில் தமிழ்க் கல்வெட்டுகளை இந்த முறையில் பதிந்திருக்கிறார்கள். இப்படிப் பதிந்த கோப்பை விண்டோஸில் திறந்தாலும் லினக்ஸில் திறந்தாலும், யாரோ ஒருவர் எல்லா வரிகளையும் சேர்த்து ஒரே கயிறாக்கினாலும், நடுகல்லின் மூன்றாம் வரி மூன்றாம் வரியாகவே இருக்கும்.

தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாக நம் கைக்கு வரவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர்களின் மேற்கோளிலும் அகப்பட்ட பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இந்த ஊர் ஒரு முறை இழந்திருக்கிறது. ஆகவே, தருமபுரி மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் படித்துக் கணினியில் ஏற்றுகிற ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். எபிடாக் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதன் எண்ணை எழுதுங்கள். சொல் பாதியில் உடைந்த இடத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். கல்லின் விளிம்பை என்டர் விசையை நம்பி விட்டுவிடாதீர்கள்.